குஸ்கோவும் அதைச் சுற்றிய ஆண்டீஸ் மலைநாடும்: கிளம்பும் முன் கேட்கும் கேள்விகள்

பெரு நாட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதுமே எல்லோரும் மச்சு பிச்சுவைப் பற்றித்தான் பேசுவார்கள், ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த நாட்டை ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய கோட்டை நகரம் அது. அதைப் பார்ப்பது ஒரு நாள் வேலை. மற்ற நாட்களை எங்கே, எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் இருக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்த வரிசையைப் பற்றியவை, மீதி அங்கிருக்கும் மனிதர்களைப் பற்றியவை.

மொத்தம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இந்தியாவிலிருந்து என்றால் வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப இரண்டு வாரம். நேரடி விமானம் கிடையாது, ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ தலைநகர் லிமா போக வேண்டும், அங்கிருந்து மலைமேல் உள்ள குஸ்கோவுக்கு இன்னொரு விமானம், அது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் போக வர மூன்று நான்கு நாள் கரைந்துவிடும், கடிகாரமும் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மலையில் குறைந்தது ஒன்பது பத்து இரவு தங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் மச்சு பிச்சு, வானவில் மலை, டிட்டிகாக்கா ஏரி மூன்றையும் முடித்துத் தருகிறோம் என்று பேக்கேஜ் விற்பார்கள். முடியும்தான், பாதி நேரம் வேனிலும் மீதி நேரம் தலைவலியிலும் போகும், அவ்வளவுதான்.

குஸ்கோவில் மூச்சு வாங்கும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. லிமா கடற்கரை ஊர், குஸ்கோ 3,400 மீட்டர். விமானத்தில் காபி குடித்து முடிப்பதற்குள் அவ்வளவு உயரத்தில் இறக்கிவிடுவார்கள். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். தலைவலி, பசியின்மை, தூக்கம் பிடிக்காமை, ஒரு மாடி ஏறினாலே இதயம் படபடப்பது எல்லாம் சகஜம். இதை அங்கே சொரோச்சே என்பார்கள். நல்ல உடற்பயிற்சி உள்ளவருக்கு வராது என்றெல்லாம் இல்லை. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துக் கிடக்க, அவருடைய மாமியார் ஜாலியாகச் சந்தை சுற்றிக்கொண்டிருப்பார்.

அதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாதீர்கள். வெளியே நிற்கும் டாக்சியில் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு, அதாவது உருபாம்பா அல்லது ஒல்லாந்தாய்தாம்போவுக்கு, இறங்கிவிடுங்கள். அங்கே உயரம் 2,800 மீட்டர் அளவில்தான். இரண்டு மூன்று இரவு அங்கேயே தங்கி, அப்படியே ரயிலில் மச்சு பிச்சு போய்விடலாம். கோட்டை 2,430 மீட்டர், அதன் அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியெந்தெஸ் இன்னும் கீழே, 2,040. இதெல்லாம் முடிந்து உடம்பு பழகின பிறகு குஸ்கோவுக்கு ஏறி வாருங்கள். டிட்டிகாக்கா ஏரியும் அதன் கரையிலுள்ள பூனோ ஊரும் 3,800, விநிகுன்கா என்ற, நிறநிறப் பட்டைகளாகத் தெரியும் வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல், இவை கடைசியில். பெரும்பாலான பேக்கேஜ்கள் இதற்கு நேர்மாறாக முதல் இரண்டு நாள் குஸ்கோவில் வைத்திருக்கும். மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றுவார்கள்.

முதல் நாள் சாராயம், பீர் வேண்டாம், இரவுச் சாப்பாடு அரை வயிற்றுக்குப் போதும், தண்ணீர் தாராளமாக. கோகா இலைத் தேநீர் எல்லா ஓட்டலிலும் இருக்கும், குடியுங்கள், இதமாக இருக்கும், ஆனால் மருந்து என்று நம்பிக்கொண்டு வேகமாக மேலே ஏறாதீர்கள். வாந்தி நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. கீழே இறங்க வேண்டும், அதே இரவில்.

சொரோச்சேவைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பலர் போடுகிறார்கள். அசெட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர், தடுப்புக்காக வழக்கமாக 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, மற்றவர்களும் கேட்டுவிட்டே போடுங்கள். விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் பக்க விளைவுதான், பயப்பட வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். வானம் பளிச்சென்று இருக்கும், மலை தெரியும், இரவில் ஜூன் ஜூலையில் உயரமான இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஜனவரி பிப்ரவரியில் கொட்டும், மண்சரிவால் ரயில் நிற்பதும் உண்டு. என் ஓட்டு மே மாதத்துக்கு, மழை முடிந்து மலைச்சரிவு பச்சையாகவே இருக்கும், கூட்டமும் ஜூலை அளவுக்கு வந்திருக்காது.

திருவிழாவை வைத்து தேதி போடலாமா? எது பார்க்கத் தகுந்தது?

தாராளமாகப் போடலாம், அப்படிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். எல்லோரும் சொல்வது இன்ட்டி ராய்மி, ஜூன் 24. இன்காக்களின் சூரிய விழாதான், ஆனால் இன்று நாம் பார்ப்பது 1944-இல் மறுபடி தொடங்கிய நாடக வடிவம், வசனம் எல்லாம் கெச்சுவா மொழியில். இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவிலும் ஊர்ச் சதுக்கத்திலும் நடக்கும் பகுதிகளை நின்றபடி இலவசமாகப் பார்க்கலாம், பெரிய நிகழ்ச்சி சக்சய்வமான் கோட்டையில், அங்கே நாற்காலிக்குக் காசு. உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பாட்டு மூட்டையோடு சுற்றியுள்ள மேட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கும். கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் அது மேடை.

மேடையில்லாத ஒன்று வேண்டுமானால் கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருவிழா. ஈஸ்டர் முடிந்து அறுபதாவது நாள், ஒரு வியாழக்கிழமை. குஸ்கோவின் பேட்டைகளிலிருந்து பதினைந்து புனிதர்கள், மாதாக்களின் சிலைகளைத் தோளில் சுமந்து, பேண்டு வாத்தியத்தோடு பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். இன்கா காலத்தில் இறந்த மன்னர்களின் பதனிட்ட உடல்களையே இந்தச் சதுக்கத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஸ்பானியர் வந்த பிறகு தோளில் ஏறியவர்கள் மாறினார்கள், சுமக்கும் வழக்கம் தொடர்கிறது. அன்றைய சாப்பாடு சிரியுச்சு: கினிப் பன்றி (பன்றி இல்லை, எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி), கோழி, உப்புக்கண்டம், வறுத்த சோளம், பாலாடைக்கட்டி, கடல்பாசி, மீன் முட்டை எல்லாம் ஒரே தட்டில், ஆறவைத்து. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கடல்பாசி எதற்கு என்று தோன்றும், கடற்கரையும் மலையும் சரக்கு மாற்றிக்கொண்ட பழைய கதை அந்தத் தட்டில் இருக்கிறது.

அதே வாரம் ஞாயிறு முதல் செவ்வாய் வரை சினக்காரா பள்ளத்தாக்கில் கோய்யூர் ரித்தி என்ற யாத்திரை விழா நடக்கும், பனிமலை அடிவாரத்தில், 4,600 மீட்டருக்கு மேல், பல்லாயிரம் பக்தர்கள், இரவெல்லாம் நடனம். கரடி வேடம் போட்ட உக்குக்குகள் முன்பெல்லாம் பனிப்பாளத்தை வெட்டி முதுகில் சுமந்து வருவார்கள், பனி உருகிக் குறைந்துகொண்டே போவதால் அதை நிறுத்திவிட்டார்கள். இது பக்தர்களின் இடம், குளிரும் கடுமை, பழகாத உடம்போடு போகவே வேண்டாம். ஜூலை நடுவில் பவுகார்தாம்போ என்ற ஊரில் கார்மென் மாதா விழா, முகமூடி ஆட்டத்துக்குப் பேர் போனது, அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

புல்லால் கட்டும் பாலம் என்று ஒன்று உண்டாமே?

கேஸ்வாசாக்கா. குஸ்கோவிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணம், அபூரிமாக் ஆற்றின் மேலே, சுமார் 28 மீட்டர் நீளத் தொங்குபாலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து புதிதாகக் கட்டுவார்கள். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் ஆட்டம் பாட்டம்.

ஜூனில் போகிறவர்கள் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள். முதல் நாள் பெண்கள் கோயா என்ற புல்லைக் கல்லில் தட்டி, தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டி உருட்டி மெல்லிய கயிறாகத் திரிப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் இத்தனை கயிறு கொண்டுவர வேண்டும் என்று கணக்கு. அதை ஆண்கள் முறுக்கி, பின்னி, தொடை கனத்துக்கு வடமாக்கி, இரு கரையிலும் நின்று வரிசையாக இழுத்துக் கட்டுவார்கள். பிறகு இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் வெறும் வடத்தின் மேல் கால் போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டுக் கைப்பிடியைப் பின்னிக்கொண்டே நடுவுக்கு நகர்ந்து வருவார்கள், கீழே ஆறு. எந்திரம் கிடையாது, ஆணி கிடையாது. 2020-இல் கொரோனாவால் கட்டவில்லை, அடுத்த மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது, ஜூனில் மறுபடி கட்டினார்கள். யுனெஸ்கோ 2013-இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம், கரையில் நின்று பார்க்கத் தடையில்லை.

மச்சு பிச்சு டிக்கெட் எப்போது வாங்குவது?

தேதி முடிவானதும் முதல் வேலையாக. பெரு கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு வாங்க வேண்டும், விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் பார்ப்பவர்கள் கெட்டிக்காரர்கள். 2024-இலிருந்து கோட்டைக்குள் மூன்று சுற்றுப்பாதை, அவற்றுக்குள் பத்து வழி என்று பிரித்திருக்கிறார்கள், ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றுக்குத் தாவ முடியாது. முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டாவது சுற்றுதான்: எல்லோரும் எடுக்கும் அந்தப் படமும் கிடைக்கும், கட்டடங்களுக்குள்ளும் நடக்கலாம். முதல் சுற்று மேலிருந்து பார்ப்பதோடு சரி. மூன்றாவது கீழ்ப்பகுதி, வைனா பிச்சு என்ற பக்கத்துச் சிகரத்தில் ஏற ஆசைப்படுகிறவர்கள் அதில்தான் போக வேண்டும், அந்தப் படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

இணையத்தில் தீர்ந்துவிட்டால் அகுவாஸ் காலியெந்தெஸில் நேரடியாகத் தினமும் ஒரு பங்கு விற்பார்கள். அதற்கு முந்தைய நாளே போய் வரிசையில் நிற்க வேண்டும், எந்தச் சுற்று கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, உள்ளே போனபின் வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். பெரிய பை, முக்காலி, சாப்பாடு எதற்கும் அனுமதியில்லை.

ரயில் விலை கண்ணைக் கட்டுகிறது. வேறு வழி?

இருக்கிறது. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் வளைந்து வளைந்து ஹிட்ரோஎலெக்ட்ரிக்கா என்ற நீர்மின் நிலையம் வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் நடந்தால் அகுவாஸ் காலியெந்தெஸ். நடை சமதளம், அழகான காடு, இரண்டரை மூன்று மணி நேரம். வேன் பாதைதான் பிரச்சினை, மலை விளிம்பு, மழைக்காலத்தில் சரிவு. வறண்ட காலத்தில் இளசுகள் போகலாம், பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஒல்லாந்தாய்தாம்போவிலிருந்து ரயிலுக்கே காசு கொடுத்துவிடுங்கள், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

இன்கா டிரெயில் இடம் கிடைக்கவில்லை. பயணமே வீணா?

அழ வேண்டாம். மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள், 43 கிலோமீட்டர் நடை அது, ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அந்த 500-இல் வழிகாட்டிகளும் சுமைதூக்குபவர்களும் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. மே, ஜூன், ஜூலைக்குப் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும்.

மாற்று வழிகளில் என் முதல் தேர்வு லாரெஸ். இரண்டு மூன்று நாள், உருளைக்கிழங்கு வயல், லாமா மந்தை, நெசவு செய்யும் வீடுகள் என்று ஆள் நடமாட்டமுள்ள ஊர்கள் வழியாகப் போகும், வெந்நீர் ஊற்றில் குளியலும் உண்டு. மலைக்காட்சிதான் வேண்டும் என்றால் சல்காந்தாய், கணவாய் 4,600 மீட்டரைத் தாண்டும், அதன்பின் காபித் தோட்டம் வரை இறங்கும். தெம்பு உள்ளவர்களுக்கு சோக்கெகிராவ் என்ற இன்கா இடிபாடு: ஆறுவரை ஒன்றரை ஆயிரம் மீட்டர் இறங்கி அதே அளவு ஏறி, பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பணும், அதனால்தான் அங்கே கூட்டம் இல்லை. அவுசாங்காதே என்ற மலையைச் சுற்றும் பாதை 5,000 மீட்டருக்கு மேல் கணவாய்களைக் கடக்கும், முதல் மலைப்பயணமாக அதை எடுக்காதீர்கள்.

சுமைதூக்குபவர்களுக்கு நியாயமாக நடந்துகொள்ளும் நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேளுங்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது சட்டம், இன்கா டிரெயில் தொடக்கத்தில் எடை போட்டுத்தான் அனுப்புவார்கள். அவர்களுக்குத் தூங்கும் பை, தரைவிரிப்பு, நல்ல காலணி யார் தருகிறார்கள், என்ன சாப்பாடு, எங்கே தூங்குவார்கள் என்று கேட்டால் ஒழுங்கான நிறுவனம் உடனே பதில் சொல்லும். மழுப்பினால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள். மிக மலிவாக யாராவது விலை சொன்னால் அந்தத் தள்ளுபடி யார் முதுகிலிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கடைசி நாள் அன்பளிப்புக்குச் சில்லறையாக பெரு பணமான சோல் நோட்டு வைத்துக்கொண்டு நேராக அவரவர் கையில் கொடுங்கள்.

வானவில் மலை போகணுமா?

எனக்கு அவ்வளவாக ஈர்ப்பு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, வேனில் கொண்டுபோய், 5,000 மீட்டரில் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வைப்பார்கள், இணையத்தில் பார்க்கும் படங்களில் நிறத்தைக் கூட்டியிருப்பதும் உண்டு. பல்கோயோ என்ற பக்கத்து மலையில் நடை குறைவு, கூட்டமும் குறைவு, அதுவும் 4,900 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

போலெட்டோ டூரிஸ்டிகோ என்று ஒரு டிக்கெட் வாங்கச் சொல்கிறார்களே?

பத்து நாள் செல்லும் கூட்டு நுழைவுச்சீட்டு. சக்சய்வமான், பிசாக், ஒல்லாந்தாய்தாம்போ, சின்செரோ, மோராய் என்று பதினாறு இடம். இரண்டு மூன்றுக்கு மேல் பார்ப்பவர்களுக்கு லாபம். மச்சு பிச்சுவும் மராஸ் உப்பளமும் இதில் வராது, உப்பளத்துக்கு அங்கேயே தனியாகக் காசு கட்ட வேண்டும்.

சின்செரோ ஊருக்கு நெசவு பார்க்கப் போகிறேன், எது அசல் என்று எப்படித் தெரியும்?

முதலில் கடை வாசலில் நடக்கும் செய்முறையை நிதானமாகப் பாருங்கள். ஒரு பெண் சக்தா என்ற வேரைத் துருவி வெந்நீரில் போட்டு அடித்தால் நுரை பொங்கும், அழுக்கேறிய கம்பளி அதில் ஒரு முக்கில் வெளுத்துவிடும். பிறகு சப்பாத்திக்கள்ளியில் வளரும் சாம்பல் நிறப் பூச்சியை, கொச்சினீல் என்பது அதுதான், உள்ளங்கையில் வைத்து நசுக்குவார், கை முழுக்க இரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் ஆரஞ்சு, உப்பு வகைகளைச் சேர்த்தால் ஊதா. ஒரே பூச்சி. எல்லாக் கடையிலும் இதே காட்சி, இதே நகைச்சுவைதான், பரவாயில்லை, சாயம் பொய்யில்லை.

ஆனால் அந்தக் கடைகளிலும் அலமாரியில் இருப்பது எல்லாம் கையால் நெய்தது என்று நினைக்காதீர்கள். பேபி அல்பாக்கா (அல்பாக்கா லாமா மாதிரி ஒரு பிராணி, அதன் மென்மையான கம்பளி) என்று சந்தையில் விற்கும் மலிவு ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக். கை நெசவில் பின்பக்கமும் சுத்தமாக இருக்கும், வடிவம் இம்மி பிசகாமல் அச்சடித்ததுபோல் திரும்பத் திரும்ப வராது, விலையும் மலிவாக இருக்காது, ஏனென்றால் ஒரு நல்ல போர்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பேரம் பேசலாம், பாதிக்குப் பாதி கேட்பது அநியாயம். குஸ்கோவில் எல் சோல் சாலையில் பாரம்பரிய நெசவு மையம் இருக்கிறது, 1996-இல் சின்செரோ நெசவாளர் நில்தா கய்யான்யாவுபா தொடங்கியது, அங்கே முதலில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் மற்ற கடைகளில் கை தானாகவே சொல்லிவிடும்.

ஊர்க்காரர் வீட்டில் தங்க முடியுமா?

முடியும். டிட்டிகாக்காவின் அமந்தானி தீவில் குடும்பங்கள் முறை வைத்து விருந்தாளிகளை ஏற்கும், படகுத்துறைக்கே வீட்டு அம்மா வந்து அழைத்துப் போவார். அறை எளிமை, குளிர் அதிகம், கனமான கம்பளிகள் தருவார்கள். பழமும் அரிசியும் எண்ணெயும் பூனோ சந்தையில் வாங்கிப்போய் வீட்டில் கொடுப்பது நல்ல பழக்கம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்காதீர்கள். பக்கத்துத் தாக்கிலே தீவில் குல்லாய் பின்னுவது ஆண்கள், நடந்துகொண்டே பின்னுவார்கள்.

யாராவது சிச்சா நீட்டினால், அது சோளத்தைப் புளிக்கவைத்த பானம், குடிக்கும் முன் இரண்டு சொட்டு தரையில் ஊற்றுங்கள், பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு. பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் சைவம். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், சூப்பில்தான் மாட்டிக்கொள்வீர்கள். கீன்வா சூப் என்று தருவார்கள், கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். அங்கே கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான், அதனால் ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ’ என்று கறி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். வேகவைத்த பெரிய சோளக்கதிரும் பாலாடைக்கட்டியும் தெருவெங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு பிறந்த மண், நூற்றுக்கணக்கில் வகை, ஊதா நிறத்தில்கூட உண்டு. பனியில் உறையவைத்து மிதித்து உலர்த்திய சூன்யோவைச் சாப்பிட்டுப் பாருங்கள், பிடிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். காரத்துக்கு ரொக்கோட்டோ மிளகாய், விதை கறுப்பு, நம் நாக்கையே அசைக்கும். வீடுகளில் அதை வாகாத்தாய் இலையோடு படான் என்ற கல்லில் அரைப்பார்கள், நம் அம்மி மாதிரிதான், குழவியை உருட்டாமல் இரு பக்கமும் ஆட்டி அரைப்பார்கள். குஸ்கோ சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறுக் கடைகள் வரிசையாக இருக்கும், குடித்து முடித்ததும் ‘யாப்பா’ என்று கேளுங்கள், மிக்சியில் மிச்சமிருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள்.

படம் எடுத்தால் கோபப்படுவார்களா?

கேட்காமல் எடுத்தால் ஆமாம். குஸ்கோ தெருவில் ஆட்டுக்குட்டியோடு அலங்காரமாக நிற்பவர்கள் காசுக்காக நிற்கிறார்கள், எடுத்தால் கொடுத்துவிடுங்கள். ஊர்களில் பெரியவர்களை மாமாய் (அம்மா), தைத்தாய் (அப்பா) என்று அழைத்துக் கேட்டால் முகம் மலரும்.

விசா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தாலோ அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலோ இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா தேவையில்லை, 2017-இலிருந்து இந்த விதி. இல்லாதவர்கள் டெல்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதி மாறலாம், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மலைக்கும் தேவையா?

மலைக்குத் தேவையில்லை, திரும்பி வருவதற்குத் தேவை! இதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதற்கேற்பப் போங்கள். அறுபது வயது தாண்டியவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பணம், துணிமணி?

கிழிசல், மடிப்பு, பேனாக் கீறல் உள்ள டாலரை வாங்க மாட்டார்கள், மொறுமொறுப்பான நோட்டாக எடுத்துப்போங்கள். சின்ன ஊர்களில் கார்டு செல்லாது. துணியில் அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவது போல் எடுங்கள், மதியம் வெயில் தோலை உரிக்கும், மாலை ஐந்தரைக்குப் பல் கிட்டும். சன்ஸ்கிரீன், தொப்பி கட்டாயம். சாலை மறியலும் வேலைநிறுத்தமும் அந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும், ரயிலே நின்றுவிடும், எனவே லிமா விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் காலியாக விடுங்கள்.

கோகா இலையோ டீ பையோ ஊருக்கு வாங்கி வரலாமா?

கூடாது. பெருவில் சட்டப்படி சந்தையில் விற்பது, இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. அமெரிக்கா வழியாகத் திரும்பினால் அங்கேயே பிடிப்பார்கள். மூலிகைத் தேநீர்தான் வேண்டும் என்றால் அதே சந்தையில் முன்யா வாங்குங்கள், புதினா வாசனை அடிக்கும், வயிற்றுக்கும் நல்லது.